எடுத்துப்போகும் முன் கதவைத் தட்டுங்கள்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எங்கள் வட்டார நகர மன்றத்தாருக்கு,

வணக்கம். இம்மாதம் 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நான்காம் மாடித் தாழ்வாரத்திலிருந்து என் மூன்று தக்காளிச் செடிகளை உங்கள் ஆட்கள் எடுத்துப்போனது உங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன், எழுதிக்கொண்டு ஓர் எண் கொடுத்தீர்கள். அந்த எண்ணைச் சொல்லி மறுபடி அழைத்தபோது இன்னோர் எண் கொடுத்தீர்கள். ஆகவே முன்கதையை விட்டுவிடுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான், தலைப்பிலேயே இருக்கிறது. ஒரு செடியை எடுத்துப்போகும் முன் அந்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுங்கள்.

தாழ்வாரம் பொது இடம் என்பதில் எனக்கு வழக்கு இல்லை. அவசரத்துக்கு ஆள் வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை சொல்வது நல்லதுக்குத்தான். என் மாமியாரை அந்தத் தாழ்வாரம் வழியாகத்தான் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அகலமான வழியின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் சட்டிகளை வைக்கும்போதே தையல் டேப்பை எடுத்து அளந்தேன். சட்டி போக 1.38 மீட்டர் இருந்தது. கொசு விஷயமும் அப்படித்தான். 2020இல் மட்டும் 35,000 பேருக்குமேல் டெங்கி வந்த ஊர் இது, என் மகனும் அதில் ஒருவன். சட்டிக்கு அடியில் நான் தட்டே வைப்பதில்லை. தண்ணீர் ஊற்றியபின் தரையைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். உங்கள் ஆட்கள் டேப் கொண்டுவந்து அளந்து, "இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்" என்று சொல்லியிருந்தால் அப்போதே தள்ளி வைத்திருப்பேன். சொல்வதற்கு முதலில் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

தொலைபேசியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில் ஒன்று சொன்னார்: "தக்காளிதானே அக்கா, தேக்கா சந்தையில் இரண்டு மூன்று வெள்ளிக்கு ஒரு பை கிடைக்குமே." அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வருகிறது. ஏன் மலையிலிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தக்காளிச் செடி வெயிலைத் தாங்கும், இரவு வெக்கையைத் தாங்காது. ராத்திரியில் 21 டிகிரிக்குமேல் ஏற ஏற மகரந்தம் சக்தி இழந்துவிடுகிறது. சிங்கப்பூரில் விடியற்காலையில்கூட 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. செடி நன்றாக வளரும், பூக்கவும் பூக்கும், பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் பூவெல்லாம் காம்போடு மஞ்சளாகித் தரையில் கிடக்கும். மார்ச்சிலிருந்து மே வரை நான் தினமும் பெருக்கி அள்ளியது அந்தப் பூவைத்தான். எண்ணிப் பார்த்த வரையில் அறுபத்து மூன்று.

பிறகுதான் ஏழாம் மாடி அங்கிள் வழி சொன்னார். காலையில் பழைய மின்சாரப் பல் துலக்கியைப் பூங்காம்பின் பின்புறம் இரண்டு விநாடி வைத்தால் அந்த அதிர்வில் மகரந்தம் உதிருமாம். அதையும் செய்தேன். இரவு பதினோரு மணிக்கு டேபிள் ஃபேனைச் சன்னல் கம்பி வழியாகச் செடியின் பக்கம் திருப்பி வைத்தேன். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துச் சட்டியைச் சுற்றி அடுக்கினேன். என் கணவர், "எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட இந்த ஐஸ் வரல" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மே மாதக் கடைசியில் ஒரு பூ நின்றது. அதுவும் ஒட்டுப்பூ. மூன்று நான்கு பூக்கள் பிறக்கும்போதே ஒன்றாகச் சேர்ந்து, தடித்த காம்பில் சாமந்தி மாதிரி விரியும். பெரிய தக்காளி வளர்ப்பவர்கள் தவம் கிடப்பது அதற்காகத்தான், ஏனென்றால் மூன்று நான்கு காயின் சதை ஒரே காயில் சேரும். மற்ற பூக்களைக் கிள்ளிவிட்டுச் செடியின் பலத்தையெல்லாம் அந்த ஒன்றுக்கே விட்டுவிட வேண்டும். காய் பார்க்க அழகாக இருக்காது. மடிப்பு மடிப்பாக, பிள்ளையார் தொந்தி மாதிரி பிதுங்கிக்கொண்டிருக்கும். கனம் ஏறினால் காம்பு முறியும் என்று வெங்காயம் வாங்கிய சிவப்பு வலையில் தொட்டில் கட்டிச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். காலையில் காப்பி குடிக்கும் முன்பே தையல் டேப்பால் அதன் சுற்றளவை எடுத்து நாட்காட்டியில் குறித்துவைப்பேன். ஜூலை 21இல் எழுதியிருப்பது 37 சென்டிமீட்டர். அடுத்த கட்டம் காலியாக இருக்கிறது.

எங்கள் புளோக்கில் பெரிய தக்காளிப் போட்டி நடப்பது இது நான்காவது வருடம். ஆறு வீடுகள் சேர்கிறோம். தேசிய தினத்தன்று, ஆகஸ்ட் 9 சாயங்காலம், புளோக்கின் அடியில் இருக்கும் வெற்றுத்தளத்தில் எல்லாரும் அவரவர் பழத்தைக் கொண்டுவருவோம். பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார ஆன்ட்டி, அவருடைய சமையலறைத் தராசுதான் தராசு. தோற்றவர்கள் சேர்ந்து ஜெயித்தவருக்குப் பரோட்டாவும் தே தாரிக் டீயும் வாங்கித் தர வேண்டும், பரிசு அவ்வளவுதான். போன வருடம் ஜெயித்தது மக்சிக், 612 கிராம். இதைக் கேட்டால் அமெரிக்காவில் சிரிப்பார்கள். அங்கே 1986இல் ஒக்லஹோமா மாநிலத்தில் கோர்டன் கிரஹாம் என்பவர் விளைவித்த ஒற்றைத் தக்காளி 3.51 கிலோ. அந்தச் சாதனையை முறியடிக்க 28 வருடம் ஆனது. 2014இல் மினசோட்டாவில் 3.81 கிலோ, பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் 4.896 கிலோ. இந்த எண்களை அங்கிள் திருக்குறள் மாதிரி மனப்பாடமாகச் சொல்வார். அவர்களுக்குக் குளிர்ந்த ராத்திரி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஒரு முழத் தாழ்வாரம். அதில் 600 கிராம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சரி, 22ஆம் தேதிக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்கு ரொட்டி வாங்கக் கீழே போனேன். போய்வர இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. இரவு வேலை முடித்துவந்த மகன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். கதவுக்கும் சட்டிக்கும் நடுவே இரண்டு எட்டு. ஒரு தட்டு தட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பான். நான் திரும்பி வந்தபோது தாழ்வாரத்தில் மூன்று ஈர வட்டங்கள் மட்டும் இருந்தன, சட்டிகள் இருந்த இடம். சன்னல் கம்பியில் நான் கட்டிய நூல் பாதியில் அறுந்து தொங்கியது.

குப்பை சேரும் இடத்துக்கு ஓடினேன். மூன்று செடியும் பச்சைத் தொட்டிக்குள் தலைகீழாகக் கிடந்தன. காய் மட்டும் உள்ளே இல்லை. தொட்டியின் மூடிமேல் ஓர் அட்டையை மடித்துப் போட்டு, அதன்மேல் சிவப்பு வலையோடு யாரோ அதை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஊழியர் புதுக்கோட்டைப் பக்கமாம். "எனக்கும் மனசு வரலக்கா. லிஸ்ட்ல இருந்துச்சு. எப்படியும் தேடி வருவீங்கன்னுதான் காயைத் தனியா வச்சேன்" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த மடலைப் படித்துவிட்டு அது யார் என்று தயவுசெய்து தேட வேண்டாம். உங்கள் பட்டியல் போட்டவருக்குத் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

அறிவிப்பு ஒட்டினோமே என்பீர்கள். ஒட்டினீர்கள், முந்தைய வெள்ளிக்கிழமை, லிஃப்ட் பக்கத்தில். நானும் பார்த்தேன், மறைக்கவில்லை. வழியை அடைக்கும் பொருள்கள் என்று இருந்தது. என் சட்டி வழியை அடைக்கவில்லையே என்று வந்துவிட்டேன். அதில் இருந்த தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசி வரி, "கொசு இனப்பெருக்கத்துக்கு நீங்கள் தரும் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று முடிந்திருந்தது. இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று இப்படிக் கிடக்கிறது. ஒட்டும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட ஐந்து நிமிடம் ஆகுமா? காட்டியிருந்தால் கொசுவாவது உங்களை நம்பி ஏமாறாமல் இருந்திருக்கும்.

லிஃப்ட் பக்கத்தில் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கே சங்கிலி போட்ட சைக்கிள் ஒன்று நிற்கிறது. இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. அதன் கைப்பிடியில் உங்கள் எச்சரிக்கைச் சீட்டு மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. துருப்பிடித்தால் தப்பித்துக்கொள்ளலாம், காய் பிடித்தால்தான் ஆபத்து போலிருக்கிறது.

2020இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, வீட்டிலேயே காய்கறி வளருங்கள் என்று தேசியப் பூங்காக் கழகம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு விதைப் பொட்டலம் அனுப்பியது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்ததே அதில்தான். நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்குமேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, முடிந்ததை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். ஒரு கை தபாலில் விதையை அனுப்புகிறது, இன்னொரு கை காய்த்த செடியைத் தொட்டியில் போடுகிறது. அந்த இரண்டு கையும் ஒரு நாள் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

பூங்காவில் தோட்ட நிலம் வாடகைக்கு எடுக்கலாமே என்றும் தொலைபேசியில் பேசிய அந்தப் பெண் சொன்னார். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், நல்ல திட்டம்தான். இரண்டு தடவை விண்ணப்பித்தேன், குலுக்கலில் விழவில்லை. விழுந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு யார் போவது? இந்தச் செடி வாசலில் இருந்தால்தான் பிழைக்கும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது இதுதான். மேல் மாடிகளில் இன்னும் நான்கு பேர் செடி வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் காய் இருக்கிறது. ஆகஸ்ட் 9 வரைக்கும் அந்த வாசல்களுக்கு யாராவது வந்தால், எதையும் தொடும் முன் கதவைத் தட்டச் சொல்லுங்கள். கையில் ஓர் அளவு டேப்பும் கொடுத்து அனுப்புங்கள். வழி குறைவாக இருந்தால் சொல்லுங்கள், அந்த நிமிடமே நகர்த்துவார்கள். எங்கள் ஆறு வீட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. கறிவேப்பிலையோ துளசியோ பாண்டானோ, எந்த வீட்டு வாசலில் இருந்தாலும் இதே மரியாதையைத் தாருங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மூன்று சட்டிகளும் இன்னும் உங்களிடம் இருந்தால் திருப்பித் தந்தால் போதும், செடிக்கு நான் விலை கேட்கவில்லை.

காய் என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்றே மக்சிக்கின் தராசில் வைத்தோம், 684 கிராம். இப்போது செய்தித்தாளில் சுற்றி, ஒரு வாழைப்பழத்தோடு அரிசி டின்மேல் வைத்திருக்கிறேன், பழுக்கட்டும் என்று. நாளுக்கு இரண்டு மூன்று கிராம் வற்றுகிறது. இன்று காலை 673. ஆனால் போட்டியில் சேருமா என்பதில் தகராறு. சொந்தக் கையால் பறித்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கிள் விதி விதிதான் என்கிறார். தோற்கப்போகும் மக்சிக் சேரும் என்கிறார். என் கணவர் "நகர மன்றம் பறித்தது" என்று தனிப் பிரிவு வைக்கலாம் என்கிறார்.

பதில் எழுதுவதானால் எண் எதுவும் வேண்டாம், யாராவது நேரில் வாருங்கள். பகலில் மகன் இருப்பான், நாலு மணிக்குமேல் நான் இருப்பேன். அழைப்பு மணி பழுதாகி ஒரு மாதம் ஆகிறது, கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
நான்காம் மாடித் தக்காளிக்காரி