"இவ்ளோ நாளா என்ன பண்ணிட்டு இருந்த?" ஏஎன்சி ஓபில, அதாவது கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வர்ற பிரிவுல, வேலை பாக்குற எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

டாக்டர்ஸ், சிஸ்டர்ஸ், கவுண்டர்ல உக்காந்து பேர் பதியுறவங்க, எல்லாருக்கும் வணக்கம். நானும் பல வருஷமா இதே ஓபில நிக்கிற நர்ஸ்தான், வெளிய இருந்து வந்து குத்தம் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க.

அஞ்சு மாசம் ஆறு மாசம் ஆன பிறகு முதல் தடவையா செக்கப்புக்கு வர்ற பொண்ண பாத்ததும் நம்ம வாய்ல முதல்ல வர்றது "இவ்ளோ நாளா என்ன பண்ணிட்டு இருந்த?" அதுவும் க்யூல நிக்கிற அத்தன பேர் காதுலயும் விழுற மாதிரி. அவ தலைய குனிஞ்சுகிட்டு "தெரியல சிஸ்டர்"ம்பா, நாம உடனே அலட்சியம்னு முடிவு கட்டிருவோம். அந்த "தெரியல"ங்கிறது நிறைய பேர் விஷயத்துல நெசம்ங்க.

பிசிஓஎஸ்ங்கிற ஹார்மோன் கோளாறு இருக்கிறவளுக்கு ரெண்டு மாசம் மூணு மாசம் நாள் தள்ளிப்போறது புதுசு இல்ல. தாய்ப்பால் குடுத்துட்டு இருக்கிறவளுக்கு பீரியட்ஸே திரும்ப வந்திருக்காது, அதுக்கு முன்னாடியே அடுத்தது உண்டாயிரும். நாப்பது தாண்டினவங்க நின்னுபோற வயசு வந்துருச்சுன்னு விட்டுருவாங்க. சிலருக்கு உண்டான புதுசுல கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கும், அதையே பீரியட்ஸ்னு கணக்குல வச்சிருப்பாங்க. கடைசி பீரியட்ஸ் தேதி கேட்டா நாம ஒரு தேதிய எதிர்பாக்குறோம், அவ "மாமனாருக்கு ஆபரேஷன் நடந்துச்சுல்ல, அந்த வாரம்"னு சொல்லுவா. சிரிக்காதீங்க, அது நல்ல பதில். ஆபரேஷன் என்னைக்குன்னு கேட்டா தேதி கிடைச்சுரும்.

தெரிஞ்சும் வராதவங்களும் இருக்காங்க. ஏற்கனவே ரெண்டு தடவ கலைஞ்சு போனவ, ஸ்கேன் ரூம்ல படுத்து "துடிப்பு இல்லம்மா"ன்னு இன்னொரு தடவ கேக்க தெம்பு இல்லாம நாள தள்ளுறா. வச்சுக்கலாமா வேணாமான்னே முடிவு பண்ணாதவ எங்க வந்து பேர் பதிவா? கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு ரிஜிஸ்டர்ல "கணவர் பெயர்"ங்கிற கட்டத்த நினைச்சாலே பயம். ஹெச்ஐவி டெஸ்ட் எடுப்பாங்க, ரிசல்ட் வீட்டுக்கு தெரிஞ்சுருமோன்னு ஒருத்தி. விஷயம் வெளிய தெரிஞ்சா வேலைய விட்டு தூக்கிருவாங்கன்னு இன்னொருத்தி. கூட வர ஆள் இல்ல, கையில காசு இல்ல, ஒரு நாள் லீவு போட்டா அன்னைய கூலி போச்சு, இதெல்லாம் நமக்கே தெரியும். ரெண்டு மூணு பெத்தவங்க "எனக்கு தெரியாததா"ன்னு அசால்ட்டா இருக்கிறதும் உண்டு, அவங்க மேல எனக்கும் கொஞ்சம் கோவம் வரும், இல்லன்னு சொல்லல.

ஆனா நம்ம பங்கையும் பேசணும். ஆறாவது வாரமே டெஸ்ட் எடுத்து பாத்துட்டு ஓடி வந்தவள "இப்பவே என்ன அவசரம், மூணு மாசம் முடிஞ்சு வா"ன்னு திருப்பி அனுப்புறது யாரு? நாமதான். அவ அந்த வார்த்தைய அப்படியே தங்கச்சிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லுவா. உலக சுகாதார அமைப்பு 2016லயே 12 வாரத்துக்குள்ள முதல் செக்கப், மொத்தம் குறைஞ்சது 8 தடவன்னு சொல்லிருச்சு, அதுக்கு முன்னாடி 4 தடவதான் கணக்கு. நாம இன்னும் பழைய பாட்டையே பாடிட்டு இருக்கோம். 2013 கணக்குப்படி ஏழை நாடுகள்ல சீக்கிரமா செக்கப்புக்கு வந்தவங்க சுமாரா நாலுல ஒருத்தர்தான், பணக்கார நாடுகள்ல பத்துல எட்டு பேர். இவ்ளோ பெரிய இடைவெளிய வெறும் அலட்சியத்த வச்சு விளக்க முடியுமா என்ன?

சீக்கிரம் வரணும்னு நாம சொல்றதுக்கு காரணம் இருக்கு, அத அவங்க கிட்ட சொல்றதே இல்ல. முதல் மூணு மாசத்துல எடுக்குற ஸ்கேன்ல டியூ டேட் ஒரு வாரத்துக்குள்ள துல்லியமா கிடைக்கும், 28 வாரம் தாண்டி முதல் ஸ்கேன் எடுத்தா மூணு வாரம் கூட முன்ன பின்ன ஆகலாம், அப்புறம் நாள் தாண்டிருச்சா இல்லையான்னு தெரியாம நாமதான் முழிப்போம். பிபி எகிற வாய்ப்பு இருக்கிறவங்களுக்கு குடுக்குற ஆஸ்பிரின 16 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன். வலிப்புக்கோ பிபிக்கோ போட்டுட்டு இருக்கிற மாத்திரைல சிலது குழந்தைக்கு ஆகாது, அத அவளா நிறுத்தவும் கூடாது, நாமதான் பாத்து மாத்தணும். ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின் மாத்திரை விஷயத்துல பாத்தா 12 வாரமே லேட்டுதான், குழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகுற குழாய் கரு உண்டாகி 28 நாள்ல மூடிரும், அதனாலதான் உண்டாகுறதுக்கு முன்னாடியே தினம் 400 மைக்ரோகிராம் போட சொல்றது.

அதே நேரம் லேட்டா வந்தவளுக்கு எல்லாமே முடிஞ்சு போகல. சுகர் டெஸ்ட்டுக்கு 24லருந்து 28 வாரமும் சரியான நேரம்தான், ரத்தம் நெகட்டிவ் குரூப்னா, குழந்தையோட ரத்தத்துக்கு எதிரா அம்மா உடம்பு திரும்பாம தடுக்குற ஆன்டி-டி ஊசி 28 வாரத்துல, ரத்த சோகைய இப்பவும் சரி பண்ணலாம், சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய் இருந்தா பெனிசிலின் போட்டு குழந்தைய காப்பாத்தலாம். இது எதுவுமே நடக்காம போறது அவ மறுபடி வராம போனா. நாலு பேர் முன்னாடி திட்டு வாங்கினவ அடுத்த தேதிக்கு ஏன் வரணும்?

அதனால கேக்குறது சின்ன விஷயம்தான். வந்த உடனே "வந்தது நல்லதாப் போச்சு, உக்காரும்மா"ன்னு சொல்லுங்க. ஏன் லேட்டுன்னு கண்டிப்பா கேளுங்க, ஆனா உள்ள கூட்டிட்டு போய், கூட வந்த மாமியாரையோ வீட்டுக்காரரையோ அஞ்சு நிமிஷம் வெளிய உக்கார வச்சுட்டு கேளுங்க, அடி உதை நடக்குற வீடா இருந்தா அது அப்பதான் வெளிய வரும். ஆறு வாரத்துல வர்றவள திருப்பி அனுப்பாதீங்க, ஸ்கேன் அப்புறம் எடுத்துக்கலாம், பேர பதிஞ்சு பிபி பாத்து மாத்திரைய குடுத்து அனுப்புங்க. குழந்தைக்கு தடுப்பூசி போட வர்ற அம்மாக்கள்ட்ட "நாள் தள்ளின மாதிரி தோணினா உடனே வந்து டெஸ்ட் எடுத்துக்கோ, பால் குடுத்துட்டு இருந்தாலும் சரி"ன்னு ஒரு வார்த்த சொல்லி வைங்க. கூட்டம் அதிகம், ஆள் கம்மி, எனக்கும் அதே கூட்டம்தான், ஆனா திட்டுறதுக்கு ஆகுற நேரம் இதுக்கும் போதும்.