‘பீர் மாதிரியே இருக்கும்’ என்று விற்காதீர்கள்

ஐயா,

வணக்கம். குன்னூரில் 31 ஆண்டுகள் தேயிலை சுவைபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் சொல்லி பீரை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. பழக்கம் போனாலும் ருசி மேல் இருந்த ஆசை போகவில்லை. அதனால் பேக்கரிகளில் இப்போது கிடைக்கிற ஆல்கஹால் இல்லாத மால்ட் பானங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் குடித்துப் பார்த்தேன். எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே பதில்: “பீர் மாதிரியே இருக்கும் சார்.” இல்லவே இல்லை.

போன வாரம் ஒரு பாட்டிலைத் தேநீர் சுவைபார்க்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். ஜில்லென்று இருந்தவரை சரி. பத்து நிமிடம் கழித்து கரண்டியில் எடுத்து உறிஞ்சினேன். முதலில் தித்திப்பு. அப்புறம், முளைகட்டிய கேழ்வரகை வேகவைத்த தண்ணீரின் வாசனை. கசப்பு நாக்கைத் தொட்டதும் போய்விட்டது. தொண்டையில் எதுவும் நிற்கவில்லை.

மால்ட் என்பது பார்லியை முளைகட்டி, சூட்டில் உலர்த்தியது. வெந்நீரில் ஊறும்போது அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி, இனிப்பான சாறு இறங்கும். பீர் செய்யும்போது அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கை ஈஸ்ட் தின்றுவிட்டு, ஆல்கஹாலையும் லேசான புளிப்பையும் பழ வாசனையையும் கொடுக்கிறது. வெந்த தானிய வாசனையை அமுக்குவதும், தொண்டையில் கதகதப்பைத் தருவதும் ஆல்கஹால்தான். புளிக்கவைக்காத மால்ட் பானத்தில் இதெல்லாம் எங்கிருந்து வரும்? எலுமிச்சை, ஆப்பிள் வாசனையைச் சேர்த்துத்தான் பலவற்றை விற்கிறார்கள். பீராகவே புளிக்கவைத்து, பிறகு ஆல்கஹாலை மட்டும் பிரித்தெடுக்கும் வகையும் உண்டு. அது பீருக்குக் கொஞ்சம் கிட்டே வரும். ஆனாலும் பிரித்தெடுக்கையில் வாசனையிலும் ஒரு பங்கு போய்விடுகிறது.

இங்குள்ள படுகர் மக்களின் நிலங்களில் பார்லி விளைந்த மலை இது. 1915-ல் ஐந்து பீர் ஆலைகள் சேர்ந்து யுனைடெட் புரூவரீஸ் என்ற நிறுவனம் ஆனபோது, அதில் ஒன்று நீலகிரி ஆலை. மால்ட் வாசனை நமக்குப் புதிதல்ல.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் குடியை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. கடைக்காரர் பேச்சை நம்பி ஒரு பாட்டில் வாங்கினார். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, “இது எங்கே பீர்?” என்று கீழே வைத்தார். அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நின்றார். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. வேறொரு பானம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அவர் அதில் பீரைத் தேடியிருக்க மாட்டார்.

புளிக்கவைத்து ஆல்கஹாலை நீக்கியதா, புளிக்கவைக்காத மால்ட் சாறா என்பதைப் பாட்டிலின் முன்பக்கத்தில் தமிழில் பெரிதாக அச்சிட வேண்டும். நம் நாட்டு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மதுபானம். அதற்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்பதும் குடியை விட்டவருக்குத் தெரிந்தாக வேண்டும். கடைக்காரர்களும் ‘பீர் மாதிரியே’ என்று சொல்வதை விட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தேயிலை சுவைப்பாளர்,
குன்னூர், நீலகிரி.