1947ல டாட்ஜர்ஸை நடத்துனது டுரோச்சர் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால்ல நிறத்தடைய ஒடைச்ச கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, எங்க சாட்ஸ்வொர்த்ல பேஸ்பால் பாக்குறவங்க ரொம்ப கம்மி, கிரிக்கெட்டும் புட்பாலும்தான், ஆனாலும் ராபின்சன் கதை இங்க எல்லாருக்கும் ஒட்டும், ஏன்னா அதே 1947ல நம்ம பெரியவங்க டர்பன்ல கெட்டோ சட்டத்த (இந்தியர்கள் நிலம் வாங்குறதயும் குடியிருக்கறதயும் கட்டுப்படுத்துன சட்டம்) எதிர்த்து ஜெயிலுக்குப் போயிட்டு இருந்தாங்க. ஆனா அந்த வருஷம் ராபின்சன் ஆடுன புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமோட மேனேஜர் (ஆட்டத்த நடத்துற தலைமை கோச்) லியோ டுரோச்சர்னு படத்தோட போட்டுட்டீங்களே, மனுஷன் அந்த சீசன் டீம்லயே இல்லீங்க! ஏப்ரல் 9ந்தேதி, சீசன் தொடங்க ஆறு நாள் இருக்கறப்ப, பேஸ்பால் கமிஷனர் சாண்ட்லர் அவர ஒரு வருஷம் சஸ்பெண்ட் பண்ணிட்டார், சூதாட்ட ஆளுங்க சகவாசம்னு பேச்சு.

ராபின்சன் மொத ஆட்டம் ஆடுனப்ப பொறுப்புல இருந்தது கிளைட் சுக்ஃபோர்த், அதுவும் ரெண்டே ஆட்டம். அப்புறம் வந்தவர்தான் பர்ட் ஷாட்டன், 62 வயசு. யூனிபார்ம் போடமாட்டார், கோட்டு டையோட டக்அவுட்ல உக்காந்திருப்பார், அந்த டிரஸ்ல மைதானத்துக்குள்ள வரக்கூடாதுங்கறதால அம்பயர்கிட்ட பேசணும்னா கோச்சைத்தான் அனுப்பணும். (டுரோச்சரா இருந்தா அம்பயர் மூஞ்சிக்கு நேரா போய் கத்தியிருப்பார்.) உக்காந்த எடத்துலேந்தே 94 ஆட்டம் ஜெயிச்சு லீக் பட்டம் வாங்கிக் குடுத்தார்.

அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸ் (ரெண்டு லீக் சாம்பியனும் மோதுற கடைசி தொடர்) நாலாவது ஆட்டம்தான் கட்டுரையில வரவேண்டியது. எதிர் டீம் யாங்கீஸோட பிட்சர் (பந்து போடுறவர்) பெவன்ஸ் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதுல ரெண்டு அவுட் ஆகுறவரைக்கும் ஒரு ஹிட்கூட குடுக்கல, ஷாட்டன் என்ன பண்ணார், ஸ்டான்கிய உக்கார வச்சுட்டு 34 வயசு லவஜெட்டோவ அனுப்புனார், ஒரே அடி, ரெண்டு ரன், ஆட்டம் 3-2 டாட்ஜர்ஸுக்கு. கடைசியில ஏழாவது ஆட்டத்துல தொடர் போயிடுச்சு, அது வேற.

டுரோச்சருக்குப் பெருமையே இல்லைன்னு சொல்லல, ராபின்சன் வேண்டாம்னு சொந்த டீம் ஆளுங்களே சில பேர் கெளம்புனப்ப நடுராத்திரி எல்லாரையும் எழுப்பி திட்டுனவர் அவர்தான். ஆனா பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கறது அவரு, ஷாட்டன் இல்ல. இங்க நம்ம கிளப்புலயும் இப்படித்தானே, வேலைக்கு ஜோபர்க் போய்ட்ட கோச் பேருதான் போர்டுல இருக்கும், சனிக்கிழமை காலையில பசங்கள பக்கில (சின்ன டிரக்) ஏத்திட்டு ஓடுறது யாரோ ஒரு மாமா.

தடை முடிஞ்சு திரும்பி வந்த டுரோச்சர் 1948 நடுவுல ஜயன்ட்ஸ் டீமுக்குப் போனதும் திரும்ப ஷாட்டனத்தான் கூப்பிட்டாங்க, 1949ல இன்னொரு லீக் பட்டம். அடுத்த வாரம் ஒரு மூலையிலயாவது அவர் படத்த போடுங்க ஐயா, கோட்டு போட்டவரா பாத்து.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன்