பிடித்தம் ரத்தாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி

என் வீட்டுக்காரருடைய பணிக்கொடையில் (அரசு வேலை பார்த்ததற்காகக் கடைசியில் மொத்தமாகத் தரும் தொகை) அலுவலகம் போட்டிருந்த பிடித்தத்தை ரத்து செய்து நேற்று ஆணை வந்துவிட்டது. நடந்தது பலருக்குத் தெரியும்: சம்பளக் கணக்கைத் தவறாகப் போட்டு அவருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, அவர் இறந்த பிறகு அந்தப் பணத்தை எங்களிடம் திரும்பக் கேட்டார்கள். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அவருடைய பழைய கண்காணிப்பாளர் சாருக்கு. அவர்கள் இருவருக்கும் கடைசிச் சில வருடங்கள் பேச்சே கிடையாது. துக்கத்துக்குக்கூட அவர் வரவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம் டிவிஎஸ் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, "அந்த ஊதிய நிர்ணயக் கணக்கைப் போட்டது நான்தாம்மா. உங்க வீட்டுக்காரர் எதையும் கேட்டு வாங்கலை, எதையும் மறைக்கவும் இல்லை" என்றார். ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். அதையே எழுதினார். ஒரு வரி சரியாக வரவில்லை என்று கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதினார். "உங்க பென்ஷனுக்கு ஏதும் வந்துடாதா சார்?" என்று கேட்டேன். "வந்தா பார்த்துக்கலாம். போனவர் வந்து பதில் சொல்ல முடியாதில்ல" என்றார். கையெழுத்துக்குக் கீழே பழைய பதவிப் பெயரையும் ஓய்வு பெற்ற தேதியையும் எழுதிய பிறகுதான் காபியைத் தொட்டார்.

"உங்கப்பா கவர்மெண்ட் பணத்தை எடுத்துட்டாராமே" என்று என் மகளிடம் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் அவள் அழுதாள். பணம் வருவதைவிட எனக்கு அது பெரிசு.

இலவச சட்ட உதவி மையத்து வக்கீல் அம்மா, சங்கத்து அண்ணன்மார், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று விடாமல் விசாரித்துத் துறைக்குக் கடிதமும் கொடுத்த எங்கள் எம்.எல்.ஏ., பணிப்பதிவேட்டு நகல் எடுத்துத் தந்த தம்பி, அத்தனை பேருக்கும் என் கும்பிடு.

எம்.எல்.ஏ. ஐயாவிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. சி, டி பிரிவு என்கிற கீழ்நிலை அரசு ஊழியர்களுக்கு அலுவலகமே தவறாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. வக்கீல் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். தீர்ப்பு இருந்தும் ஒவ்வொரு விதவையும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கிறது. ஊழியர் இறந்த பிறகு குடும்பத்திடம் இப்படிக் கேட்கக் கூடாது என்று ஓய்வூதிய விதியிலேயே பளிச்சென்று எழுதிவிட்டால் என்ன? சட்டமன்றத்தில் இதை நீங்கள் பேச வேண்டும்.

அதுவரைக்கும் நான் இருக்கிறேன். இதே மாதிரிக் கடிதம் யாருக்காவது வந்தால், உடனே பயந்துபோய்ப் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்கிற சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கள் மனு, ஆணை எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம். அலுவலகத்துக்குத் துணைக்கும் வருகிறேன்.