நேற்று என்று சொன்னால் ‘ஹேஸ்’ வராது

ஆசிரியருக்கு,

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதி, சிவப்பு மையில் சுழி வாங்கி வந்தாள். ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. “ராத்திரி மழை பெஞ்சிருக்குல்லா டீச்சர், பின்ன என்ன தப்பு?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. காலையில் எழுந்ததும் வாசல் நனைந்து கிடந்தால் ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்றுதான் சொல்வோம். பெய்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்துச் சொல்கிறோம், அந்த வேலையையும் நம் ‘இருக்கிறது’ செய்கிறது, பக்கத்தில் ‘நேற்று’ நின்றாலும் அதற்கு உறுத்தாது. ஆங்கில ‘ஹேஸ்’ அப்படி இல்லை. நேற்று, போன வருஷம், 2023 டிசம்பர் என்று முடிந்துபோன நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் ‘ரெயின்ட்’ மட்டும்தான். நேரம் சொல்லாமல் நனைந்த வாசலைக் காட்டினால் ‘இட் ஹேஸ் ரெயின்ட்’ சரி.

‘பாரதி நம்ம நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்திருக்கிறார்’ என்று பெருமையாகச் சொல்கிறோம், தமிழில் துளி பிசகில்லை. ஆங்கிலத்தில் ‘ஹேஸ் ஸ்டடீட்’ என்றால் இன்றும் உயிரோடு இருப்பவரைச் சொல்வதுபோல் ஆகிவிடும். 1921-ல் மறைந்தவருக்கு வெறும் ‘ஸ்டடீட்’ போதும்.

எல்லா இடத்திலும் இரண்டு மொழியும் பிரிவதில்லை. ‘குற்றாலம் போயிருக்கிறீர்களா?’ என்பது அப்படியே ‘ஹேவ் யூ பீன் டு குற்றாலம்?’ தான், ‘ஆமா, போன ஆடியில் போனேன்’ என்றால் ‘ஐ வென்ட்’. இதைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

கைடுகளில் என்ன இருக்கிறது? ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் வந்தால் ‘ஹேவ்’ போடு என்று ஒரு பட்டியல். அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். அது கிடக்கட்டும், அந்த மூன்று சொல்லும் இல்லாத வாக்கியம் வந்தால் பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்?

உங்கள் மாணவர் பக்கத்தில் இலக்கணம் போடும்போது இப்படித் தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே காலை வாருகிறது என்று காட்டுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

வாசகி,
பாளையங்கோட்டை