கடவுச்சீட்டுப் படத்தை இனி வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு, சாரதி அனுமதிப்பத்திரம் என்று உங்கள் வீட்டுக் கடதாசிகளை ஜேர்மன் மொழிக்கு மாற்றித் தருவது எங்கள் வேலை. "ஏன் மின்னஞ்சல் முகவரி மாறியது? வட்ஸ்அப்பில் படம் போட்டால் ஏன் வேலையைத் தொடங்குகிறீர்கள் இல்லை?" என்று பலர் நேரில் கேட்டுவிட்டீர்கள். அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறோம்.

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை காலை அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் இருந்த எங்கள் பழைய இலவச மின்னஞ்சல் கணக்கு திறக்கவில்லை. சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று ஒரு வரி, அவ்வளவுதான். கூப்பிட்டுக் கேட்கத் தொலைபேசி எண்கூட இல்லை. அன்று பின்னேரம் பதிவு அலுவலகத்துக்குப் போகவிருந்த ஒரு மாப்பிள்ளையின் பத்திரம் அதற்குள் கிடந்தது. நான்கு நாள் கழித்துக் கணக்கு தானாகவே திறந்தது. மாப்பிள்ளை எங்களை மன்னித்துவிட்டார். மாமியார் இன்னும் இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தோம். உங்கள் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், கடவுச்சீட்டு எண் எல்லாம் யார் கையில் இருக்கின்றன? 2018இல் அமெரிக்காவில் வந்த கிளவுட் சட்டத்தின்படி, அமெரிக்க நிறுவனத்திடம் உள்ள தரவு பிராங்பேர்ட்டில் கிடந்தாலும், அந்நாட்டு அதிகாரிகள் முறைப்படி கேட்டால் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவு அனுப்புவதற்கான ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ஒருமுறை, 2020இல் இன்னொருமுறை செல்லாது என்றது. மூன்றாவது ஏற்பாடு 2023இல் வந்தது. அதை நம்பி அடுத்தவர் வீட்டுப் பத்திரங்களை வைத்திருக்க எங்களுக்கு மனமில்லை.

ஆகவே மின்னஞ்சலை பேர்லினில் இயங்கும் மெயில்பொக்ஸ் என்ற மின்னஞ்சல் சேவைக்கு மாற்றினோம். மாதம் சில யூரோ செலவு. பத்திரங்களை வாங்க நெக்ஸ்ட்கிளவுட் வைத்திருக்கிறோம். ஸ்ருட்கார்ட் நிறுவனம் ஒன்றின் மென்பொருள், ஜேர்மனியிலேயே வாடகைக்கு எடுத்த சேர்வரில் ஓடுகிறது. நாங்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டு, படத்தைப் போட்டால் போதும். உங்களுக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கவும் முடியாது.

எழுதுவதற்கு, வேர்ட் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸ். இதன் மூதாதையான ஸ்டார் ஒஃபிஸ் லூனபேர்க்கில் பிறந்தது என்பது எங்களுக்கே புதுச் செய்தி. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசே தன் அலுவலகங்களில் இதற்கு மாறுகிறது. ஆனால் பொய் சொல்லக்கூடாது: நீங்கள் வேர்ட் கோப்பு அனுப்பினால் சிலவேளை அட்டவணை கோணலாகிவிடும். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

வட்ஸ்அப்பை முழுதாக விடவில்லை. விட்டால் உங்களில் பாதிப்பேர் எங்களை மறந்துவிடுவீர்கள்! நேரம் குறித்துக்கொள்ள மட்டும் அந்த எண் இருக்கும். செய்தி போகும் வழியில் பூட்டித்தான் போகிறது, சரி. ஆனால் வந்து சேர்ந்த படம் தொலைபேசியின் படத்தொகுப்பிலும், அங்கிருந்து காப்புப் பிரதியிலும் போய்க் குந்திக்கொள்கிறதே. திரீமா என்ற சுவிஸ் செயலியிலும் இருக்கிறோம். ஒருமுறை காசு கொடுத்து வாங்க வேண்டும், தொலைபேசி எண் கொடுக்கத் தேவையில்லை. சிலர் சொன்ன சிக்னல் நல்ல செயலிதான், ஆனால் அதுவும் அமெரிக்க அமைப்பினுடையது. எங்கள் கைத்தொலைபேசிகளும் அமெரிக்கக் கூகிளின் அன்ட்ரொயிட்தான், அதற்கு இப்போதைக்கு வழி தெரியவில்லை.

பணம் கட்டும் வழிகளிலிருந்து அமெரிக்க நிறுவனமான பேபாலையும் எடுத்துவிட்டோம். பணத்தை நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். யூரோ நாடுகளின் வங்கிகள் 2025 ஒக்டோபரிலிருந்து, பத்து வினாடிக்குள் போய்ச் சேரும் உடனடிப் பரிமாற்றத்தை, சாதாரணப் பரிமாற்றத்தைவிடக் கூடுதல் கட்டணமின்றிச் செய்துதர வேண்டும். பெறுபவர் பெயர் சரியா என்றும் வங்கியே பார்த்துச் சொல்லும்.

இணைப்பு, பிடிஎஃப் என்றால் தலை சுற்றுகிற அம்மாக்கள், ஐயாமார் கடதாசியைக் கையோடு கொண்டுவாருங்கள்; நாங்களே ஸ்கான் செய்வோம், அதற்குக் காசு இல்லை.

பழைய கணக்கில் கிடப்பவற்றை அழித்துக்கொண்டிருக்கிறோம். முன்பு செய்த மொழிபெயர்ப்பின் பிரதி யாருக்காவது வேண்டுமென்றால் இந்த மாத முடிவுக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தார்