எந்த பாஸ்போர்ட் என்று எழுது

உறையூர், திருச்சி

அன்புள்ள மீனா,

வாரா வாரம் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ பேசும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், பேரன் குறுக்கே வருகிறான், உனக்கும் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கிறது. சில விஷயங்களை அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நம் சபா கட்டடம் பற்றிச் சொன்னேன் அல்லவா? இந்த ஐப்பசி மழையில் மேடைக்கு நேர் மேலே ஒழுகிவிட்டது. தேக்கு உத்தரத்தில் இரண்டைக் கறையான் அரித்திருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை என்பதால் உத்தரம் போனால் மேலே அடுக்கிய செங்கல்லும் வந்துவிடும். அப்பா காலத்தில் சுவரெல்லாம் சிமெண்ட் பூசினார்களே, அதுதான் முதல் தப்பு என்கிறார் காரைக்குடியிலிருந்து வந்த மேஸ்திரி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடுமாம். சிமெண்ட் வழியை அடைத்துவிட்டதால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைப் பொடியாக்குகிறது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூச வேண்டும். மொத்தம் 38 லட்சம். இதுவரை 11 லட்சம்தான் சேர்ந்திருக்கிறது.

இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று இரண்டு பேர் கூட்டத்தில் சொன்னார்கள். சபா வேலையைப் பார்க்கும் வாத்தியார் பதில் சொல்லவில்லை. மறுநாளே ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். இந்த வயதில் எனக்கும் அவரோடு நடக்கத் தெம்பு வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் எஃப். ஜி. நடேச அய்யர் கதையைச் சொல்கிறார். ரயில்வே அதிகாரி, 1914-ல் இந்த ஊரில் ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பித்தவர். பிறகு அரிச்சந்திரா நாடகத்தில் மகன் லோகிதாசனாக நிற்க ஒரு தட்டார் வீட்டுப் பையனைக் கொண்டுவந்தார். அந்தப் பையன்தான் தியாகராஜ பாகவதர். "பெரிய சபாவோ சின்ன சபாவோ, ஒரு மேடை இருந்தால்தான் ஒரு பையன் ஏற முடியும்" என்கிறார் வாத்தியார். பூக்கடைக்காரர் ஐந்நூறு கொடுத்தார்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். உன் பெயரை நான் சொன்னதும் வாத்தியார் பேனாவை மூடிவிட்டு, "மீனா வைத்திருப்பது இந்திய பாஸ்போர்ட்டா, அந்த ஊர் பாஸ்போர்ட்டா?" என்றார். இந்திய பாஸ்போர்ட் என்றால் அமெரிக்காவில் இருந்தாலும் நம் ஆள் கொடுக்கும் பணம்தானாம், சபா கணக்கிலேயே போடலாம். குடியுரிமை மாறியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. குடியுரிமை மாறியவர்களுக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அந்த நன்கொடையை வாங்க டெல்லியில் பதிவு வேண்டும், அங்கே ஸ்டேட் பாங்கில் தனிக் கணக்கு வேண்டும். நம் சபாவுக்கு அதெல்லாம் ஏது?

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மீனா. பெற்ற பெண் எந்த நாட்டுக்காரி என்று தெரியாமல் நின்றேன். "கேட்டுச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

போன வருடம் விசா வரிசை பற்றி நீ ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாய். அன்றிலிருந்து மனசில் இருக்கிறது. மாற்றிக்கொண்டிருந்தால் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உன் வேலை, உன் பிள்ளை, உன் வீடு எல்லாம் அங்கே. வாசலுக்கு வாசல் உன் பெருமையைத்தான் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் என்னிடம் சொல்லியிருக்கலாம். பணம் முக்கியமில்லை. வாத்தியாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எந்த பாஸ்போர்ட் என்று மட்டும் எழுது.

தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? போனில் பார்த்தால் முடி கொட்டியிருக்கிறது. ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே.

கூரை வேலைக்கு முன்னால் பழைய பொருட்களை எடுத்து வைக்கிறார்கள். ஞாயிறு படம் போடும் 16 எம்எம் புரொஜெக்டர் கிடைத்தது. ரயில் பார்சலில் படப்பெட்டி வந்ததும் அப்பா சைக்கிளில் கொண்டுவருவாரே, அந்தத் தகரப் பெட்டிகளில் ஒன்றும் கிடைத்தது. சபா கச்சேரிகளை அப்பா பதிவு செய்த ஸ்பூல் டேப்புகள் வீட்டில் இருந்தால் கொடுங்கள், கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று வாத்தியார் கேட்டார். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், அதற்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை என்றார். பழைய படச்சுருள்களை வெள்ளிக்காக உருக்கினார்களாம். "யாருக்கு மனசு வந்ததோ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீ மூன்று முறை கேட்டாய், 1983-ல் நவராத்திரிக்கு அந்த மேடையில் நீ பாடிய பிலஹரி ஸ்வரஜதி டேப்பை. பூஞ்சை பிடித்துப் போய்விட்டது என்று சொன்னேன். பொய், மீனா. அப்பா போன அடுத்த வருடம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது இரண்டு சாக்கு டேப்பையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அறுபது ரூபாய் கொடுத்தார். அப்பா கையெழுத்து ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல்தான் போட்டேன், ஆனால் உன்னைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும். இருபது வருடமாக உன் முகத்தைப் பார்த்து அந்தப் பூஞ்சைக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாத்தியாரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அந்த நவராத்திரிக்கு வயலின் வாசித்தவர் இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாராம். அவர் வீட்டில் ஒரு பிரதி இருக்குமா என்று வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன்.

ரசீதுப் புத்தகத்தில் உன் பெயருக்கு வாத்தியார் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறார். அந்தத் தாளில் உன் பெயரை எழுத முடியாது என்றால் அப்பா பெயரில் என் பென்ஷனிலிருந்து போடுகிறேன். எதுவானாலும் எழுது. எண்ணெய் வை.

அன்புடன்,
அம்மா